அழகன்குளம்: யவனர் மது வந்திறங்கிய ஊரில் என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

சேதுநாட்டான் எழுதியது:

வணக்கம். பங்குனியில் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். அவர்களை, வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் பழங்காலத் துறைமுகமாக இருந்த அழகன்குளத்துக்குக் கூட்டிப்போய், ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே சுற்றிக் காட்டி, அந்தக் கரையின் சாப்பாட்டைச் சாப்பிட வைத்து அனுப்ப வேண்டும் என்று ஆசை. நான் இருப்பது ராமநாதபுரம் டவுனில். அந்தக் கரை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இந்த எண்ணம் ஜெர்மனியில்தான் வந்தது. சித்தி மகன் அங்கே வேலை பார்க்கிறான். போன புரட்டாசியில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் நொய்மாகன் என்ற கிராமத்துக்கு என்னை அழைத்துப் போனான். ஜெர்மனியின் மிகப் பழைய ஒயின் கிராமம் எங்களுடையதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1878இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல் கப்பல் கிடைத்தது. கி.பி. 220 வாக்கில் வாழ்ந்த ஒயின் வியாபாரி ஒருவரின் கல்லறைச் சிற்பம் அது. துடுப்புப் போடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் பெரிய பெரிய மரப்பீப்பாய்கள். சுக்கான் பிடிக்கிற ஆள் முகத்தில் நல்ல சிரிப்பு. அசல் சிற்பம் ட்ரியர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஊருக்குள் நகல் வைத்திருக்கிறார்கள். 2007இல் அதே சாயலில் மரத்தில் ஒரு கப்பல் கட்டி ஆற்றிலும் விட்டிருக்கிறார்கள்.

ஆற்றை ஒட்டிச் செங்குத்தான சரிவு. சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. மண்ணைவிட சிலேட்டுக் கல் சில்லுதான் அதிகம். பகல் வெயிலை அந்தக் கல் பிடித்து வைத்து ராத்திரிக் குளிரில் கொடிக்குச் சூடு கொடுக்கிறது. நாங்கள் சாப்பிட்டது ஓட்டலில் இல்லை, ஒரு விவசாயி வீட்டு முற்றத்தில். சொந்தத் தோட்டத்து ஒயினை, எளிய சாப்பாட்டோடு, வீட்டிலேயே விற்க அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. வருஷத்தில் 4 மாதம் வரை, 40 பேர் உட்காரும் அளவுக்குள். ஓட்டல் உரிமம் தேவையில்லை. வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ கட்டியிருந்தால் உள்ளே சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். திராட்சை அறுவடை நேரம் என்பதால் இன்னும் நொதித்துக்கொண்டே இருக்கிற புதுச்சாறு கிடைத்தது. பெடர்வைசர் என்கிறார்கள். புட்டியை இறுக்கி மூட மாட்டார்கள், மூடினால் வாயு முட்டி வெடித்துவிடும். அதோடு அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த வெங்காய அடை. அந்தப் புளிப்புக்கும் அந்த வெங்காயத்தின் இனிப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அழகன்குளம் ஞாபகம் வந்துவிட்டது. நமக்கும் ஒரு கப்பல் இருக்கிறது, பானை ஓட்டில் கீறிய கப்பல். நமக்கும் ஆறு இருக்கிறது, யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், மது வந்த கதை இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது. நம் ஊரையும் ஒயின் கிராமம் என்று சொல்லிக்கொள்ளலாமே. அப்படியிருக்க ஏன் யாரும் அழகன்குளத்துக்குப் போவதில்லை?

தேவிபட்டினத்தான் எழுதியது:

அண்ணே, நல்ல விஷயம் ஆரம்பித்தீர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோட்டை, தூண், மண்டபம் என்று எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. அகழாய்வு நடந்த இடத்துக்குக் கோட்டைமேடு என்று பெயர். இப்போது அது வெறும் மேடுதான். ஆய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவது வழக்கம், அதுதான் பாதுகாப்பு. சுற்றிலும் பனை, கொஞ்சம் கருவேலம், வீடுகள். தெரியாமல் போகிறவர் எதுவும் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவார்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். காலையில் ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம் போங்கள். அழகன்குளத்தில் எடுத்த பொருள்களை அங்கே வைத்திருக்கிறார்கள். சேதுபதி காலத்துச் சுவரோவியங்களையும் அப்படியே பார்த்துவிடலாம். பானை ஓடுகளையும் காசுகளையும் கண்ணால் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால் மேடு பேசும். நேராக மேட்டுக்குப் போனால் கூட வந்தவர்கள் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் மேட்டிலிருந்து ஆற்றங்கரை ஊருக்கு வாருங்கள். வைகை கடலில் சேருகிற இடம் அது. வருஷத்தில் பாதி நாள் ஆற்றில் தண்ணீர் இருக்காது. ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி மிஞ்சினால்தான் இந்தப் பக்கம் வரும். ஆனால் முகத்துவாரத்தில் கடல் தண்ணீர் ஏறி நிற்கும். கப்பல் ஏன் இங்கே வந்தது என்று அங்கே நின்று பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

ஓடும்பானையும் எழுதியது:

தொல்லியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை முதலில் தோண்டியது 1986-87இல். பிறகு 1990களில் பல முறை, கடைசியாக 2016-17இல். கறுப்பு சிவப்புப் பானை, தமிழ்பிராமி எழுத்துள்ள ஓடு, சங்கு வளையல், மணிகள், ரௌலட்டட் என்கிற உருளை அலங்காரத் தட்டுகள், கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள் எல்லாம் கிடைத்தன. இந்த இழைக்கு வேண்டியது ஆம்போரா. இரண்டு கைப்பிடி, குறுகின கழுத்து, கூரான அடிப்பாகம் கொண்ட சாடி. கூர் அடி தரையில் நிற்காது. கப்பல் அடித்தளத்தில் சாய்த்து நெருக்கமாக அடுக்கவும், கரையில் மணலில் குத்தி நிறுத்தவும் அந்த வடிவம்தான் வசதி. மூன்றாவது கைப்பிடி மாதிரி அந்தக் கூர்முனையைப் பிடித்துத்தான் சாய்த்து ஊற்றுவார்கள். ஒயினுக்குப் பரவலாகப் பயன்பட்ட வகையில் ஒரு சாடிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் கொள்ளும்.

இந்தச் சாடி வந்த வழியை நினைத்துப் பாருங்கள். இத்தாலியிலோ கிரேக்கத் தீவிலோ நிரப்பி, கடல் வழியாக அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் ஆற்றில் படகு. அப்புறம் பாலைவனத்தில் ஒட்டகம். செங்கடல் துறைமுகத்தில் மறுபடி கப்பல். ஆடி வாக்கில் கிளம்பித் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து மேற்குக் கரை. அதன்பிறகு நம் பக்கம். அவ்வளவு தூரம் வந்து இறங்கியதை வைகைக் கரையோடே மதுரைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைக்க நிறைய இடமிருக்கிறது. புறநானூற்றில் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனைப் பார்த்து, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொன் கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர, குடித்து மகிழ்ந்திரு என்கிறார். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்ற அந்த வரியைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்தில் சாடி ஓடுகளைப் பாருங்கள். பாண்டிய நாட்டுப் பாட்டும் பாண்டிய நாட்டுத் துறைமுகமும் ஒன்றுக்கொன்று சாட்சி.

கப்பல் கீறிய ஓடும் உண்மைதான். அந்தக் கரையில் யாரோ ஒருவர் தான் பார்த்த கப்பலைப் பானையில் கீறி வைத்திருக்கிறார். நொய்மாகன் கப்பல் பணக்கார வியாபாரி செதுக்கச் சொன்னது, இது சாதாரண ஆள் கை. எனக்கு இதுதான் பெரிது.

கடலோடி எழுதியது:

ஊருக்குப் பெருமை சேர்க்க வேண்டியதுதான், ஆனால் ஒயின் கிராமம் என்ற பெயர் பொருந்தாது. நொய்மாகனில் திராட்சை விளைகிறது. இங்கே எதுவும் விளையவில்லை, வந்து இறங்கியது, அவ்வளவுதான். துறைமுகம் என்று சொன்னாலே போதும், அதுவே பெரிய பெருமை.

இன்னொன்று. ஆம்போரா என்றாலே ஒயின் இல்லை. ஆலிவ் எண்ணெயும் அதில்தான் வந்தது, மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த கரும் என்கிற சாறும் அதில்தான் வந்தது. பாரசீக வளைகுடாப் பக்கத்துச் சாடிகளும் இந்தியக் கரைகளில் கிடைத்திருக்கின்றன, ரொம்ப நாள் அவற்றையும் ரோமானியச் சாடி என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் விஷயத்திலும் கவனம் வேண்டும். பாக் நீரிணையில் நான் படகு ஓட்டியவன். பாம்பன் பக்கம் பாறையும் மணல் திட்டும்தான். பெரிய யவனக் கப்பல் சரக்கோடு அந்த வழியாக வந்திருக்கும் என்று என்னால் ஒப்ப முடியாது. மேற்குக் கரையில் இறக்கி, நம்மாட்கள் சின்ன மரக்கலங்களில் ஏற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். அந்தக் கடலும் நீரோட்டமும் தெரிந்தவன் இந்தக் கரைக்காரன்தான். பாட்டில் யவனர் பெயர் வந்துவிட்டது, கொண்டுவந்து சேர்த்தவன் பெயர் வரவில்லை.

ஓடும்பானையும் எழுதியது:

அண்ணே, கடைசியில் சொன்னது மிகச் சரி. செங்கடல் வழிகாட்டி நூலான பெரிப்ளஸும் கிழக்குக் கரையில் உள்ளூர்க் கலங்கள் ஓடியதைச் சொல்கிறது.

சாடியில் என்ன வந்தது என்பதற்கு மட்டும் பதில். ஒயின் சாடியின் உள்பக்கம் பிசின் பூசுவார்கள், ஓடு ஒயினைக் குடித்துவிடக் கூடாது என்று. எண்ணெய்ச் சாடிக்குப் பொதுவாக அந்தப் பூச்சு கிடையாது. கைப்பிடியும் சொல்லும். கிரேக்கத்தின் காஸ் தீவுச் சாடிக்கு இரண்டு குச்சியை ஒட்டிவைத்த மாதிரி இரட்டைக் கைப்பிடி. இத்தாலியின் வெசுவியஸ் எரிமலைப் பக்கத்துச் சாடி என்றால் களிமண்ணில் கறுப்பு மணல் மினுங்கும். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய புதுச்சேரி அரிக்கமேட்டில் இவற்றையெல்லாம் வகை பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒயின் சாடிகள்தான் அதிகம், அதிலும் காஸ் தீவு வகை முன்னால் நிற்கிறது. நீங்கள் சொன்ன எண்ணெய், மீன் சாறு சாடிகளும் இருக்கின்றன.

காஸ் ஒயினில் கடல் தண்ணீர் கலப்பார்கள் என்பது தெரியுமா? கேட்டோ என்ற ரோமானியர் அந்தச் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். ஆழக்கடலில், நல்ல நீர் கலக்காத இடத்தில் மொண்டு வரச் சொல்கிறார். உப்புச் சேர்ந்தால் நெடும்பயணத்தில் கெடாது. ஆகவே இந்தக் கரையில் இறங்கியது நாம் இன்று நினைக்கிற ஒயின் சுவை இல்லை. கொஞ்சம் உப்பு, பிசின் வாசனை, குடிக்கும்போது தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். சுட்ட மீனுக்கு அது நன்றாகவே இருந்திருக்கும்.

பனைக்குளத்துப் பெண் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். பக்கத்து ஊர் என்பதால் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். மேட்டைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, அடுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கம் வந்தால் பெரிய ஓட்டல் தேடாதீர்கள். சின்ன கடைகளில் இடியப்பமும் ஆணமும் கிடைக்கும், குழம்பைத்தான் நாங்கள் ஆணம் என்போம். நல்ல சாப்பாடு வீட்டில்தான். ராமநாதபுரத்தில் யாராவது தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சமைத்துத் தருகிற வீடுகள் உண்டு. ஆட்கள் எத்தனை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மீன் காலையில்தான் வாங்குவோம், பெட்டியில் வைக்கிற பழக்கம் இல்லை.

என்ன மீன் என்று நீங்கள் முடிவு பண்ணாதீர்கள், கடல் முடிவு பண்ணட்டும். வெளியூர்க்காரர்கள் வந்ததும் சீலா இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். சீலா எங்கேயும் கிடைக்கும். விளமீன், நகரை, ஊளி, முகத்துவாரத்து மடவை, பொடி மீனில் காரல் இவையெல்லாம் வந்த அன்றைக்கே சட்டிக்குப் போனால்தான் ருசி. நீலக்கால் நண்டு எங்கள் கடலின் வரம். அதை உயிரோடு வாங்கிச் சமைக்க வேண்டும். செத்த நண்டின் சதை மாவாகிவிடும்.

மீன் ஆணம் வைக்கிற விதம் சொல்கிறேன். முண்டு மிளகாயை எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வாட்ட வேண்டும். கறுக்கக் கூடாது, தோல் லேசாக உப்பி வாசனை வரும்போது எடுத்துவிட வேண்டும். மல்லி, சீரகம், கொஞ்சம் மிளகு, சின்ன வெங்காயம், தேங்காய் சேர்த்து அம்மியில் மையாக அரைக்கணும். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி மணம் போகும், இது என் மாமியார் சொன்னது, நானும் பார்த்திருக்கிறேன். மண்சட்டியில் புளித்தண்ணீரோடு மசாலா கொதித்து, பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் கசிகிறபோதுதான் மீனைப் போட வேண்டும். போட்டபிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது. சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். இறக்கிக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு இடியப்பத்துக்கு ஊற்றுங்கள்.

முண்டு மிளகாய் நம் மாவட்டத்துச் சொத்து. உருண்டையாக இருக்கும், தோல் கனம், நிறமும் மணமும் அதிகம். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம், ஒரு கிலோ முண்டு வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

இனிப்புக்கு வட்டலப்பம். கருப்பட்டியோ வெல்லமோ, முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. கீழக்கரைப் பக்கம் போனால் தொதல் வாங்கலாம். எங்கள் ஆட்கள் இலங்கைக்கும் கிழக்கே மலாய் நாட்டுக்கும் கப்பலில் போய்வந்த வழியில் சேர்ந்த ருசி இதெல்லாம். யவனர் கதை பேசுகிறவர்கள் இந்தக் கதையையும் பேச வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மது வந்திறங்கிய ஊர் என்று எழுதுகிறீர்கள், வரலாறு, சரி. ஆனால் இப்போது இங்கே குடியிருப்பவர்களில் எங்கள் மார்க்கத்துக்காரர்கள் நிறையப் பேர். மேட்டைப் பார்க்க வருகிறேன் என்று பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களால் எங்களுக்கு மனக்கஷ்டம். உடைந்த கண்ணாடி பிள்ளைகள் காலில் குத்துகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மதுரை மாசிவீதி எழுதியது:

லாத்தா, படிக்கும்போதே பசிக்கிறது. ஒரு கேள்வி. 2000 வருஷத்துக்கு முன்னால் மிளகாய் ஏது? அப்போது இந்தக் கரையில் மீனுக்கு என்ன போட்டிருப்பார்கள்?

ஓடும்பானையும் எழுதியது:

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வந்தபிறகுதான் இங்கே பரவியது. அதற்கு முன் காரம் என்றால் மிளகு. யவனர் பொன் கொடுத்து வாங்கிப்போனதே அதைத்தானே. புளியும் உப்பும் அப்போதே உண்டு.

சங்கப் பாட்டில் கடற்கரைச் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக்குப் போகும் பாணனிடம், அங்கே மீனவரான நுளையர் வீட்டுப் பெண் அரித்தெடுத்த பழைய தேறலை, அதாவது கள்ளை, பரதவர் என்ற கடற்கரை மக்கள் உனக்குக் குடிக்கத் தருவார்கள், கூடவே உலர்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருவார்கள் என்கிறார்கள். அது வடக்கே மரக்காணம் பக்கத்து ஊர், நம்முடையது இல்லை. ஆனாலும் பழக்கம் கடற்கரை முழுக்க ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அரசனுக்குப் பொன் கிண்ணத்தில் யவனர் மது, மீனவருக்கு வீட்டில் இறக்கிய கள்ளும் சுட்ட மீனும். ஒரே கரையில் இரண்டும் இருந்தன.

பனங்காட்டான் எழுதியது:

நான் எழுதக் காத்திருந்த இடம் வந்துவிட்டது. சாயல்குடிப் பக்கம் எங்களுக்கு, தலைமுறையாகப் பனைத் தொழில். கடலோடி அண்ணன் இங்கே எதுவும் விளையவில்லை என்றார். அண்ணே, பனையை மறந்துவிட்டீர்களே. மோசல் சரிவில் கல்லில் கொடி நிற்கிறது, இங்கே உவர் மணலில் பனை நிற்கிறது. யார் தண்ணீர் விட்டார்கள்?

பதநீர் இறக்குவதைச் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும். விடியும் முன்னால் வர வேண்டும், வெயில் ஏறியபின் வந்து பிரயோஜனமில்லை. இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார். மேலே போய்ப் பாளையின் நுனியை ஒரு சீவு சீவுவார்கள். தாள் மாதிரி மெல்லிசாக ஒரு வட்டம் விழும். அதிகம் சீவினால் பாளை வீணாகும், குறைத்துச் சீவினால் சொட்டாது. ஒவ்வொரு தடவையும் புதுக்காயம் வேண்டும், இல்லாவிட்டால் வாய் அடைத்துவிடும். அதனால்தான் காலையும் மாலையும் ஏற வேண்டியிருக்கிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், சும்மா கட்டினால் கள். அந்தச் சுண்ணாம்புதான் புளிக்காமல் காப்பது. இறக்கியதை வடிகட்டிப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். ஓலை வாசனை, கொஞ்சம் சுண்ணாம்பு வாசனை, அப்புறம் அந்த இனிப்பு. நுங்குக் காலம் என்றால் அதில் நுங்கை வழித்துப் போடுவோம்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பதநீருக்குத் தடை இல்லை. சீமைச்சாராயத்தைக் கடை வைத்து விற்கிற ஊரில், தன் மரத்துக் கள்ளை இறக்கினால் வழக்கு. இது எங்கள் வயிற்றெரிச்சல். மாநில மரம் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஏறுகிற ஆள் வருஷா வருஷம் குறைகிறது. என் தம்பி திருப்பூருக்குப் போய்விட்டான்.

சேதுநாட்டான் எழுதியது:

பனங்காட்டான், மனதில் தைக்கிறது. ஜெர்மனியில் பார்த்த அந்த 4 மாதச் சட்டம் இங்கே பதநீருக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. பனைப் பருவமும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். பனையேறி தன் தோப்பிலேயே ஒரு ஓலைக் கொட்டகை போட்டு, காலையில் பதநீர், நுங்கு, பனங்கிழங்குக் காலத்தில் கிழங்கு, பக்கத்து வீட்டு இடியப்பமும் மீன் ஆணமும் விற்கலாம். கள் தடை இருக்கட்டும் போகட்டும், அது வேறு சண்டை. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. லாத்தா சொன்ன மனக்கஷ்டமும் இதில் வராது.

பனைக்குளத்துப் பெண் எழுதியது:

பதநீர் எங்கள் வீட்டிலும் குடிப்போம் தம்பி, அதில் தடையே இல்லை. நோன்பு திறக்க மாலைப் பதநீர் வாங்கி வைத்த காலம் உண்டு. சமைத்துத் தர எங்கள் பெண்கள் தயார். ஆனால் கூட்டம் கூட்டமாக வந்து வீட்டுக்குள் படம் எடுப்பது கூடாது, கேட்டுவிட்டு எடுக்கட்டும். குப்பையை எடுத்துப் போகட்டும். இந்த இரண்டும் நடந்தால் நாங்கள் வரவேற்போம்.

பனங்காட்டான் எழுதியது:

நல்ல யோசனை என்றுதான் நானும் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. கொட்டகையும் விலையும் பனையேறி கையில் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் வந்து மொத்தமாகக் குத்தகை எடுத்துவிட்டால் பழைய கதைதான். மரத்துக்குக் கீழே குடிக்கிற பதநீருக்குக் கொடுக்கிற காசு மரத்தில் ஏறியவனுக்குப் போனால் என் தம்பியே திரும்பி வருவான்.

கடலோடி எழுதியது:

பனையை விட்டது சரியில்லைதான், பனங்காட்டான் சொல்வதை ஏற்கிறேன். ஒயின் கிராமம் என்ற பெயரை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

நாள் குறிக்கிற விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதே காலம்தான் பதநீர் மும்முரம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும், வகை குறையும். அதனால் மாசிக் கடைசியிலிருந்து பங்குனிக்குள் வந்துவிடுங்கள். பதநீரும் இருக்கும், மீனும் இருக்கும், முண்டு மிளகாயும் களத்தில் சிவக்கக் காய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வராதீர்கள். வடகிழக்குக் காற்றில் இந்தப் பக்கத்துக் கடல் கலங்கிக் கிடக்கும், படகு பாதி நாள் இறங்காது.

கம்பம் தோட்டம் எழுதியது:

இந்த இழையை ஆற்றின் அந்த முனையிலிருந்து படிக்கிறேன். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குத் தண்ணீர் முல்லையாற்றில் ஓடி வைகையில்தான் சேருகிறது. கடலோடி ஐயா விளையவில்லை என்றாரே, அதே ஆற்று நீரில் இங்கே திராட்சை விளைகிறது. பன்னீர்த் திராட்சை, வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை. எங்களுக்கும் 2023இல் புவிசார் குறியீடு வந்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த வகை இது. குளிர் நாட்டுக் கொடிக்குப் பனிக்காலத்தில் ஓய்வு, இங்கே ஓய்வே கிடையாது, நாங்கள் கவாத்து பண்ணித்தான் அதை மறுபடி தளிர்க்க வைக்கிறோம்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஆற்றை முழுசாகக் காட்டலாமே. இங்கே திராட்சைத் தோட்டம், நடுவில் மதுரையும் கீழடி அருங்காட்சியகமும், கடைசியில் உங்கள் முகத்துவாரம். ஒரே வைகை.

மதுரை மாசிவீதி எழுதியது:

கம்பத்துக்காரர் சொன்ன வழி அருமை. கீழடியை முதலில் பார்த்துவிட்டு வந்தால் ஆற்றின் கீழே துறைமுகம் எதற்கு இருந்தது என்று யாரும் விளக்கவே வேண்டாம்.

சேதுநாட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படிப் போட்டிருக்கிறேன். பங்குனியில் முதல் நாள் கீழடி, ராத்திரி ராமநாதபுரம். மறுநாள் விடியும் முன் பனங்காட்டான் பக்கம் பதநீர், அவர் தனியாக வழி சொல்லியிருக்கிறார். பிறகு ராமலிங்க விலாசம் திறக்கிற நேரத்துக்கு வந்துவிடுவோம். அடுத்தது அழகன்குளம் மேடு, ஆற்றங்கரை முகத்துவாரம். மத்தியானச் சாப்பாடு லாத்தா ஏற்பாடு. கம்பத்துக்கு இந்தத் தடவை நேரமில்லை, அடுத்த தடவை கட்டாயம் வருவோம். லாத்தா, பெரியவர்கள் இருவருக்குக் காரம் ஆகாது, அவர்களுக்கு மட்டும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம் முடியுமா?

பனைக்குளத்துப் பெண் எழுதியது:

முடியும். நகரை மீனில் தேங்காய்ப்பால் ஊற்றி மிளகு மட்டும் போட்டு வைத்துத் தருகிறேன். இரண்டு நாள் முன்னால் ஆள் கணக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ முடிந்துதான் பரிமாற முடியும்.

தேவிபட்டினத்தான் எழுதியது:

மேட்டுக்குப் போகும்போது செருப்பு கனமாகப் போடச் சொல்லுங்கள், சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைக்கும். குடைகளும் தண்ணீரும் வேண்டும், அங்கே நிழல் குறைவு. மழைக்குப் பிறகு மேட்டில் ஓட்டுச் சில்லு தலைகாட்டும். பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்குவார்கள். பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், எடுத்துப் பையில் போட விடாதீர்கள்.

ஓடும்பானையும் எழுதியது:

தேவிபட்டினத்து அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒரு சில்லு எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் செய்தி. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. கைப்பிடி மாதிரியோ, எழுத்து மாதிரியோ ஏதாவது கண்ணில் பட்டால் இடத்தோடு படம் எடுத்து, ராமநாதபுரத்தில் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். இரட்டைக் குச்சிக் கைப்பிடி கண்ணில் பட்டால் எனக்கும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.